நெற்றியின் முடிக்கோட்டை இறக்கும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

மதுரைப் பக்கத்தில் ஒரு பெண் "முடி இறக்கப் போகிறேன்" என்று சொன்னால், அழகர்கோயிலுக்கா, பாண்டி கோயிலுக்கா, பழனிக்கா என்றுதான் கேட்பார்கள். முடிக்கோட்டை இறக்கிக்கொள்ளப் போவதாக என் பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, நடுவிலிருந்த 'கோடு' அவர் காதில் விழவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் வச்சுக்காதடி, ஆகாது" என்று சொல்லிவிட்டு, யாருக்கு நேர்ந்துகொண்டது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கூந்தல் தொடங்கும் முன்விளிம்பை, தலைத்தோலோடு சேர்த்துக் கீழே நகர்த்தி, நெற்றியின் மிகுதித் தோலை வெட்டி நீக்கித் தைத்துவிடும் அறுவை சிகிச்சை இது. ஏறு நெற்றி என்று நம் பக்கம் சொல்வோமே, அதன் உயரத்தைக் குறைப்பதற்காகச் செய்வது.

எனக்கு இது முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. புருவ நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர் இருந்த நெற்றி இப்போது 6 சென்டிமீட்டராக இருக்கிறது. எத்தனை சென்டிமீட்டர் இறங்கும் என்ற ஒரே கேள்வியோடு மருத்துவரிடம் போனவள் நான். தழும்பு எங்கே விழும், எத்தனை மாதம் தலை மரத்துக் கிடக்கும் என்ற இரண்டையும் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதை அனுபவத்தில்தான் கற்றேன். அழகுக்காக ஒருவர் தாமே விரும்பிச் செய்துகொள்ளும் சிகிச்சை என்பதால், இதில் அவசரம் என்று எதுவும் இல்லை. கீழே எழுதியிருப்பவற்றை நிதானமாகப் படித்துவிட்டு, ஐயம் உள்ளவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். என் உடம்புக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம்.

முதலில் வீட்டில் அளந்து பார்ப்பது

தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். கண்ணாடி முன் அமர்ந்து, இரு புருவங்களுக்கும் நடுவிலிருந்து நேர் மேலே, பூனைமுடி நின்று அடர்ந்த முடி தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இந்த அளவு 5 முதல் 6.5 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் அளவு இதற்குள் இருந்தும் நெற்றி பெரிதாகத் தோன்றுகிறது என்றால், அது முடியை இழுத்துப் படிய வாரும் பழக்கத்தால் இருக்கலாம். வகிட்டை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

நெற்றியின் உயரத்தைவிடத் தலைத்தோலின் நெகிழ்ச்சிதான் இந்தச் சிகிச்சையின் எல்லையைத் தீர்மானிக்கிறது. மண்டையோட்டின் மேல் தலைத்தோல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையில் தளர்வான ஓர் அடுக்கு இருப்பதால் அது முன்னும் பின்னும் நழுவும். சுட்டுவிரலை முடிக்கோட்டில் அழுத்தி வைத்து, தோலைப் பின்னே தள்ளியும் முன்னே இழுத்தும் பார்த்தால், எவ்வளவு நழுவுகிறது என்பது தெரியும். நன்றாக நழுவுபவர்களுக்கு ஒரே அமர்வில் 2 சென்டிமீட்டர் அளவுக்கும், சிலருக்கு அதற்கு மேலும் இறக்க முடிகிறது. தோல் இறுகியிருப்பவர்களைச் சில வாரங்கள் நாள்தோறும் விரல்களால் தலைத்தோலை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகச் சொல்வதுண்டு. அதுவும் போதாதவர்களுக்குத் தோலுக்கடியில் ஒரு சிலிக்கோன் பையை வைத்து, வாரக்கணக்கில் அதில் சிறிது சிறிதாக உப்புநீரை ஏற்றித் தோலை விரியவைத்து, பிறகு இரண்டாவது அறுவையில் இறக்குவார்கள். அந்த வாரங்களில் தலை வெளியே தெரியும்படி புடைத்திருக்கும் என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் நன்றாக யோசித்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது ஆகாது

முடிக்கோடு இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆகாது. ஆண்களில் பெரும்பாலோரை மருத்துவர்கள் திருப்பி அனுப்புவதற்கும் இதுதான் காரணம்: இன்று முடிக்குள் மறைந்திருக்கும் தழும்பு, பத்தாண்டு கழித்து வழுக்கையின் நடுவே ஒரு கோடாகத் தனித்து நிற்கும். பெண்களிலும், முன்முடி அண்மையில்தான் உதிரத் தொடங்கியது என்றால், காரணத்தை முதலில் தோல் மருத்துவரிடம் கண்டறிய வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிச் சிலருக்கு முன்முடிக் கோடு தழும்பாகிப் பின்வாங்கும் நோய் ஒன்று வருவதுண்டு. அதன் மேல் கத்தி வைப்பது கூடாது. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதிலிருந்தே இறுக்கிப் பின்னிய சடை, அதன் மேல் வைத்த கனத்த பூச்சரம் என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்ட முன்முடி, வேரோடு மெலிந்து போகும். அப்படிப்பட்டவர்கள் முதலில் சடையைத் தளர்த்திவிட்டுச் சில மாதங்கள் காத்திருந்து, முடி திரும்புகிறதா என்று பார்ப்பது நல்லது.

தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் விலகி நிற்க வேண்டியவர்களே. இதைத் தெரிந்துகொள்ளப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. காது குத்திய இடம், குழந்தைப் பருவத்தில் மேற்கையில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் வடு, பேறுகால அறுவையின் தையல் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். அவற்றில் ஏதேனும் காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளர்ந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டிவிடுங்கள்.

முடி நடுதல் என்ற மாற்று வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்தலையிலிருந்து வேர்களை எடுத்து முன்னே நடும் அந்த முறையில் நெற்றி ஓரத்தில் நீண்ட தழும்பு விழாது, மரப்பும் குறைவு. ஆனால் முடி வளர்ந்து முழுப் பயன் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும், அடர்த்தியும் இயற்கை முடி அளவுக்கு வராது. ஒரு சென்டிமீட்டருக்குள் இறக்கினால் போதும் என்பவர்களுக்கும், தோல் நெகிழாதவர்களுக்கும் நடுவதே பொருந்தும். நெற்றிப்பொட்டுகளின் மேலே உள்ளே வளைந்து போகும் மூலைகளை அறுவை சிகிச்சை அவ்வளவாக முன்னே கொண்டுவருவதில்லை என்பதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. அந்த மூலைகளை நிரப்ப வேண்டுமானால், பிறகு அங்கே மட்டும் முடி நட வேண்டியிருக்கும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது

முடிக்கும் அழகுக்கும் பலகை மாட்டிய கிளினிக்குகள் மதுரையில் பெருகிவிட்டன. நான் முதலில் போன ஓரிடத்தில், என் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கைப்பேசியில் என் படத்தை வைத்துக்கொண்டு, 3 சென்டிமீட்டர் உறுதி என்றும், அன்றே முன்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றும் சொன்னார்கள். சொன்னவர் மருத்துவரும் இல்லை, ஆலோசகர் என்ற பட்டம் பூண்ட விற்பனையாளர். தோலை நகர்த்திப் பார்க்காமல் சென்டிமீட்டர் சொல்லுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

தேர்ந்தெடுக்கும்போது அறுவை செய்யப் போகிறவரின் பட்டத்தைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு மேல் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. இந்தக் குறிப்பிட்ட அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஓராண்டுக்குப் பின் எடுத்த படங்கள் உண்டா, அவற்றில் முடியை மேலே தூக்கிப் பிடித்துத் தழும்பைக் காட்டும் படம் உண்டா என்றும் கேளுங்கள். முன்முடியை நெற்றியில் சரியவிட்டு எடுத்த படத்தால் ஒரு பயனும் இல்லை. இந்த அறுவையைத் தொடர்ந்து செய்பவர்கள் குறைவு. உள்ளூரில் மனநிறைவு இல்லாவிட்டால் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய் இரண்டாம் கருத்து கேட்பதில் தவறில்லை. ஆனால் வெளியூரில் செய்துகொண்டால், தையல் பிரிக்கும் வரை அங்கேயே தங்குவதா, ஏதாவது நேர்ந்தால் மதுரையில் யார் பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

செலவைப் பற்றி ஒன்று. மருத்துவக் காப்பீடு இதற்குக் கிடைக்காது. அழகுக்கான அறுவையை காப்பீட்டுத் திட்டங்கள் விலக்கியே வைத்திருக்கின்றன. மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குப் பொருந்தாது என்பதால், சொன்ன தொகையில் வரி அடக்கமா என்று கேட்டு, அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், மருந்து, தையல் பிரித்தல் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது

சித்திரையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில், வியர்வை, தலைக்கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் புதுத் தையலோடு சிக்கிக்கொள்வதும் நல்லதல்ல. கார்த்திகை தொடங்கித் தை முடிய உள்ள குளிர்ந்த மாதங்களே ஏற்றவை. அலுவலகத்தில் குறைந்தது இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள். நெருங்கிய உறவில் திருமணம் இருந்தால், அதற்கு முன் மூன்று மாதமாவது இடைவெளி விடுங்கள். இடையில் முடி உதிரும் ஒரு கட்டம் வரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரத்தச் சர்க்கரை, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, உறைதல் நேரம், இ.சி.ஜி. போன்ற வழக்கமான பரிசோதனைகள் செய்வார்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை முதலியவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சித்த மருந்து, லேகியம், முடி வளர்வதற்காகச் சாப்பிடும் பொடி என்று எதையும் மறைக்க வேண்டாம். புகைப்பவர்களுக்குத் தையல் விளிம்பில் இரத்த ஓட்டம் குறைந்து தோல் கருகிப்போகும் ஆபத்து உண்டு.

அறுவை நாள்

உட்காரவைத்துத்தான் கோடு வரைவார்கள், ஏனெனில் படுத்தால் தோல் சரிந்து அளவு மாறிவிடும். அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இருக்கும் ஐந்து நிமிடந்தான், நீங்கள் வாய் திறந்து பேச வேண்டிய நேரம். என்னுடைய மருத்துவர் கோட்டை நேராக இழுக்காமல், சிறு சிறு அலைகளாக வளைத்து வரைந்தார். இயற்கையான முடிக்கோடு அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் இருப்பதில்லை. நான் இன்னும் அரை சென்டிமீட்டர் கேட்டேன். விளிம்பை அதிகம் இழுத்துத் தைத்தால் தழும்பு அகன்றுவிடும் என்று அவர் மறுத்தார். அன்று எனக்கு வருத்தம். இன்று தழும்பைப் பார்க்கும்போது அந்த மறுப்புக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

சிலருக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். எனக்கு நரம்பு வழியாக அரைத்தூக்கத்துக்கான மருந்தும், தலை முழுவதும் மரப்பு ஊசியும் போட்டார்கள். அந்த ஊசிகள் ஏறும் ஓரிரண்டு நிமிடந்தான் வலித்தது. முடிக்கோட்டுக்குச் சற்று உள்ளே, முடி வேர்களைச் சாய்வாகக் கடந்து போகும்படி வெட்டுவார்கள். அப்படி வெட்டினால்தான் மிஞ்சிய வேர்களிலிருந்து முடி தழும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வளரும், தழும்பும் அதில் மறையும். ஆகவே, முடிக்கோட்டுக்கு முன்னால் நெற்றித் தோலில் வெட்டுவேன் என்றோ, செங்குத்தாகவே வெட்டுவேன் என்றோ ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்டாக வேண்டும். பிறகு தலைத்தோலை அந்தத் தளர்ந்த அடுக்கில் உச்சிக்கு அப்பாலும் பிரித்து, தேவைப்பட்டால் உட்புறச் சவ்வில் இணைகோடுகளாகக் கீறி நெகிழவைத்து, முன்னே இழுத்து, எலும்பின் மேல்பரப்பில் சிறு துளையிட்டு அதில் தையலைக் கோத்து நிறுத்துவார்கள். துளையிடும்போது எனக்கு வலி இல்லை. அதிர்வு மட்டும் பல்வரிசை வரை தெரிந்தது. அதன் பின் மிகுதி நெற்றித்தோலை நீக்கி இரண்டு அடுக்காகத் தைத்தார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம். தலையை மழிப்பதில்லை.

முதல் பத்து நாள்

வலியைவிட இறுக்கந்தான் அதிகம்; தலைக்கு இரண்டு அளவு சிறிய தொப்பியை மாட்டியதுபோல் இருக்கும். மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் நெற்றியிலிருந்து கண்ணிமைக்கு இறங்கி, என் முகம் எனக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று. இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி, மல்லாந்து படுத்தால் விரைவில் வடியும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் முதலிலேயே சொல்லிவையுங்கள். என் தங்கை மகன் என்னைப் பார்த்து அழுதுவிட்டான்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் கொண்டுவரும் வைத்தியத்தை அன்போடு மறுக்கப் பழகுங்கள். தையல் மேல் மஞ்சள் பற்றோ, வேப்பிலை அரைத்தோ, தேங்காய் எண்ணெயோ, மருத்துவர் எழுதிக்கொடுக்காத எதுவுமோ வேண்டாம். குங்குமத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் திருமணமான பெண்கள் வகிட்டின் தொடக்கத்தில் குங்குமம் வைக்கும் இடமும் தையல் விழும் இடமும் ஒன்றே. ஆறாத புண்ணில் பொடி படிந்தால் எரிச்சல் வரும், நிறத்துகள் தோலுக்குள் தங்கிவிடவும் கூடும். மீனாட்சியம்மன் கோயில் குங்குமத்தைக் கொண்டுவந்த அத்தையிடம், தாலியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். திருநீற்றை நெற்றி முழுக்கப் பூசும் வழக்கமுள்ளவர்களும் கழுத்தில் பூசிக்கொள்ளலாம்.

மரப்பை எளிதாக எண்ணிவிடாதீர்கள். நெற்றியிலிருந்து உச்சிக்கு ஏறும் உணர்வு நரம்புகள் வெட்டுக்குள் அகப்படுவதால், தையலுக்குப் பின்னால் உச்சி வரை உணர்வே இருக்காது. உணர்வில்லாத தோலில் பனிக்கட்டியை நேராக வைத்தாலும், சூடான எண்ணெயைத் தேய்த்தாலும், முடி உலர்த்தும் கருவியைக் காட்டினாலும், புண்ணான பிறகுதான் தெரியும். எண்ணெய்க் குளியலை ஓராண்டுக்கு மறந்துவிடுங்கள். பிறகும் எண்ணெயின் சூட்டைக் கையில் சோதித்தே வையுங்கள்.

முகப்புத் தையலை ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பிரிப்பார்கள். பக்கவாட்டில் உலோகக் கொக்கிகள் போட்டிருந்தால் அவை இன்னும் சில நாள் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கசிந்தாலோ, தையல் விளிம்பு கறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். உள்ளே இரத்தம் கட்டுவது உடனே கவனிக்க வேண்டிய சிக்கல். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள், தலைக்கவசத்தின் விளிம்பு சரியாகத் தையலில் உரசும் என்பதை மறக்கக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும் வரை பேருந்தோ ஆட்டோவோதான். கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுவது அதற்கு மாற்று ஆகாது.

அதற்குப் பிறகு

மூன்றாம் வாரத்துக்கு மேல், தையலை ஒட்டிய முடி கொத்தாக உதிரத் தொடங்கியபோது, எல்லாம் வீணாயிற்று என்று நான் அழுதேன். அதிர்ச்சியில் முடிவேர்கள் ஓய்வுக்குப் போவதால் உதிர்வது அது. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தாலும் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் மீண்டும் முளைத்துவிடும். தழும்பின் ஊடே முளைக்கும் முடியும் ஏறக்குறைய அப்போதுதான் தலைகாட்டும். அந்த முதல் மாதங்களில் தழும்பு சிவந்தோ கறுத்தோ தெரியும். நம் நிறத்தில் வெயில் பட்டால் கருமை கூடித் தங்கிவிடும் என்பதால், நான் வெளியில் போகும்போதெல்லாம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன், மருத்துவர் சொன்ன சன்ஸ்கிரீனும் சிலிக்கோன் களிம்பும் தடவினேன். தழும்பு முதிர்ந்து வெளிற ஓராண்டு ஆகும். அதற்கு முன் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டாம்.

உணர்வு திரும்புவது ஒரு வேடிக்கை. ஐந்தாம் மாதத்தில் உச்சியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது; பேன் என்று நினைத்துச் சீப்பால் வாரிவாரிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அரிப்பு எடுக்கிற இடத்தைச் சொறிந்தால் அங்கே சொறிவதே தெரியாது, வேறெங்கோ தெரியும். எனக்குப் பத்தாம் மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் திரும்பிவிட்டது, உள்ளங்கை அகலத்தில் ஓரிடம் தவிர. அந்த இடம் இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. சிலருக்கு இப்படி நிலையாகவே தங்கிவிடுவதுண்டு என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் அந்த வரியை வாசித்தேனே தவிர, மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் அந்தப் படிவத்தை முந்தின நாளே வீட்டுக்கு வாங்கிவந்து படியுங்கள்.

நேர்த்திக்கடன் பாக்கி உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. மொட்டை போட்டால் காதிலிருந்து காதை நோக்கிப் போகும் தழும்பு முழுவதும் வெளியே தெரியும். மரத்த தோலில் சவரக் கத்தி கீறினாலும் தெரியாது. ஆகவே கடனை முன்பே செலுத்தி, முடி நன்றாக வளர்ந்த பிறகு அறுவைக்கு நாள் குறிப்பதே முறை. அது முடியாமல் போனால், பெண்களுக்குப் பூமுடி கொடுக்கும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. பெரியம்மா அப்போது தொடங்கிய விசாரணையில், என் பெயரில் பழைய வேண்டுதல் ஒன்று உண்மையிலேயே கிடப்பது தெரியவந்தது. சென்ற தையில் அழகர்கோயிலில், பின்தலையிலிருந்து மூன்று கொத்து வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.